ஏழாவது பெயர்

செப்டம்பர் 2

டிவிக்கு என்னவோ ஆகிவிட்டது. நாங்கள் நிகழ்ச்சி எதுவும் பார்க்காத நேரத்தில் அது தானாகவே குடும்பப் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும். மகன் மோகன் சிங்கப்பூரிலிருந்து செய்து கொடுத்த ஏற்பாடு. இணையத்தில் ஒரு கம்பெனிக்குச் சந்தா கட்டி இடம் பிடித்திருக்கிறான். எல்லோருடைய போனிலிருந்தும் படங்கள் அங்கே போய்ச் சேரும், அங்கிருந்து எங்கள் டிவிக்கு வரும்.

இன்று காலையிலிருந்து மோகன் வீட்டுப் படங்கள் மட்டும்தான் வருகின்றன. பேரன் ஆதவ் சைக்கிளில், ஆதவ் பூங்காவில், மோகனின் மாமனார் கப்பலில் தொப்பியோடு. சம்பந்தியை எனக்குப் பிடிக்கும். அதற்காகக் காலைக் காபியிலிருந்து அவர் தொப்பியையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மகள் சுபாவின் படம் ஒன்றுகூட இல்லை. பழைய கேசட்டுகளை அவள் பாடுபட்டு மாற்றி வைத்த வீடியோக்களும் இல்லை.

டிவி கம்பெனி ஆள் வந்து பார்த்தார். "டிவி நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்ததற்குக் காசு வாங்கிக்கொண்டு போனார். நல்லா இருப்பதைச் சொல்வதற்கும் கட்டணம்!

செப்டம்பர் 4

ஓசூருக்குப் போன் போட்டு சுபாவிடம் சொன்னேன்.

"உன் படமெல்லாம் வரமாட்டேங்குதுடி."

"அதுவா... விடுங்கம்மா. டிவில வேற எதாச்சும் பாருங்க."

அவளுக்கும் விவரம் தெரியவில்லை. மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, நாள் முழுக்க மாத்திரையோடு மல்லுக்கட்டுகிறாள். இதையெல்லாம் கவனிக்க அவளுக்கு நேரம் ஏது.

செப்டம்பர் 7

கண்டுபிடித்துவிட்டேன். என் போனில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தேன். 'உங்கள் குடும்பம்' என்று தலைப்புப் போட்டு ஆறு பெயர்கள். மோகன், மருமகள் நித்யா, நான், என் கணவர், நித்யாவின் அப்பா, நித்யாவின் அம்மா. அவ்வளவுதான்.

உடனே மோகனைக் கூப்பிட்டேன்.

"இதுல சுபா பேரு இல்லையேடா?"

"ஆமாம்மா. ஆறு பேருக்கு மேல சேக்க விடமாட்டாங்க. நித்யா அப்பா அம்மாவச் சேக்க வேண்டியிருந்துச்சு. ஒரு எடம் ஏற்கெனவே காலியா இருந்துச்சு. இன்னொன்னுக்குச் சுபாவ எடுத்தேன்."

"எடுத்தேன்னா?"

"ரிமூவ் பண்ணேன். அவதான் சம்பாதிக்கிறால்ல, தனியாக் கட்டிக்குவா."

"அவகிட்டக் கேட்டியா?"

"இதுல கேக்குறதுக்கு என்னம்மா இருக்கு? ஒரு கிளிக்."

ஏற்கெனவே காலியாக இருந்த இடம் யாருடையது என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. போன வருஷம் கோர்ட்டில் முடிந்துபோன விஷயம் அது.

எனக்குக் கோபமெல்லாம் அந்தக் கம்பெனிக்காரன் மேல்தான். குடும்பம் என்றால் ஆறு பேர் என்று எவன் முடிவு செய்தான்? நான் பாடம் நடத்திய வகுப்பில் அறுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு போதவில்லை என்றால் தள்ளி உட்காரச் சொன்னேனே தவிர, ஒருத்தியை எழுப்பி வெளியே அனுப்பியதில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் இவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

இவர் மோரை ஊற்றிக்கொண்டே, "கம்பெனி ஆறுன்னுதான் சொல்லுச்சு. எந்த ஆறுன்னு சொன்னது உன் மவன்" என்றார்.

மின்வாரியத்தில் இருந்தவர். அவருக்கு எல்லாவற்றிலும் எந்த ஃபியூஸ் போனது என்று பார்க்கத்தான் தெரியும்.

செப்டம்பர் 8

இன்று நான் யாரிடமும் பேசவில்லை. இவரை உளுந்து வாங்கி வரச் சொன்னது பேச்சில் சேராது.

செப்டம்பர் 12

நிலைமை நான் நினைத்ததைவிட மோசம். சுபாவை வாய் திறக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. குடும்பக் கணக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டதும் அவளுக்கு மிஞ்சியது இலவச இடம் மட்டும்தான். அவள் வைத்திருப்பதோ அதைப் போலப் பல மடங்கு. இடத்தைக் குறைக்காவிட்டால் கோப்புகள் அழிக்கப்படலாம் என்று கம்பெனி எச்சரிக்கை அனுப்பிவிட்டதாம். எங்கள் வீட்டுக் கேசட் அத்தனையும் அதற்குள் இருக்கிறது. மோகனின் மாறுவேடப் போட்டி, சுபா முதன்முதலில் மேடையேறி அழுதது, என் பணிநிறைவு விழா, சுபாவின் கல்யாண வீடியோ. கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. வேறு பிரதி இல்லை.

"தனியாச் சந்தா கட்டித் தொலைக்க வேண்டியதுதானடி?"

"கட்டலாம்மா. கட்டணும்னு தோணல."

"என்ன பேச்சுடி இது?"

"எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கங்கம்மா. பாஸ்வேர்டு அனுப்புறேன்."

குரலில் உப்புச்சப்பில்லை. நைட் ஷிப்ட் பார்த்த களைப்பாக இருக்கும்.

முடிவு செய்துவிட்டேன். எவனிடமும் போய் இடத்துக்கு நிற்க வேண்டாம். நம் வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்வது. இணையத்தில் இதைச் சொல்லித்தரும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. நான்கு பார்த்தேன். நான்கிலும் பேசுகிறவர்கள் பாடத்தை நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆசிரியர் பயிற்சியில் இப்படி நடத்தியிருந்தால் எங்களுக்குச் சான்றிதழே கொடுத்திருக்க மாட்டார்கள்.

செப்டம்பர் 15

பரணிலிருந்து சுபாவின் கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டரை இறக்கினோம். தூசி தட்டினால் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் புதிதாக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கேட்டது நான். கடைக்காரர் இவரைப் பார்த்து, "சிசிடிவிக்குங்களா சார்? எத்தனை கேமரா?" என்றார்.

"கேமரா இல்லை. நாள் முழுக்க ஓடுற சர்வருக்கு. ஒரே அளவுல ரெண்டு டிஸ்க் வேணும்" என்றேன்.

"சார், மேடத்துக்குப் போட்டோ வைக்கத்தான்னா பென்டிரைவே போதும் சார்."

அப்போதும் இவரைப் பார்த்துத்தான்! மகளிர் மேல்நிலைப் பள்ளியில் காலமெல்லாம் அறிவியல் நடத்தியவள் பக்கத்தில் நிற்கிறேன், பதில் மட்டும் இவருக்குப் போகிறது.

"தம்பி, என்னையப் பாத்து எதுக்குப் பேசுறீங்க?" என்றார் இவர். "எனக்கு ரிமோட்டுல சத்தம் கூட்டத்தான் தெரியும். சத்தம் இவங்களே போட்டா அது எப்படிக் குறைக்கிறதுன்னு தெரியாது."

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டிஸ்க்குகளின் உத்தரவாதத்தை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

செப்டம்பர் 20

சர்வர் என்றால் என்ன என்று இவர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் முன்பு ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு மண்பானை வைத்திருந்தோம். பிறகு மொட்டைமாடியில் ஒரு தொட்டி கட்டி வராந்தா முழுக்கக் குழாய் வைத்தார்கள். தண்ணீர் ஓரிடத்தில், குடிப்பது எல்லா இடத்திலும். போன், டிவி எல்லாம் குழாய்கள், இந்தக் கம்ப்யூட்டர் தொட்டி என்று சொன்னேன்.

"தொட்டியில பாசி பிடிக்குமே, யாரு கழுவுறது?"

நல்ல கேள்விதான். பாராட்டவில்லை.

இலவச மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரில் பதித்தேன். மூன்றாம் முயற்சியில் ஏற்றுக்கொண்டது. முதல் இரண்டும் ஏன் தோற்றன என்று அது சொல்லவில்லை. ஒரு மாணவி இப்படிக் காரணம் சொல்லாமல் நின்றால் நான் விட்டிருப்பேனா?

செப்டம்பர் 28

இரண்டு டிஸ்க்கையும் ஜோடியாக இணைத்துவிட்டேன். கார்பன் தாள் வைத்து எழுதுவது போல. ஒன்றில் எழுதுவது மற்றதிலும் விழும், ஒன்று பழுதானால் மற்றது கை கொடுக்கும். ஆனால் மேல்தாளில் தப்பாக எழுதினால் கீழ்த்தாளிலும் அதே தப்புதான் என்பதால், இதை மட்டும் நம்ப வேண்டாம் என்று அந்த வீடியோக்காரர் சொன்னார். சரி, முதலில் இது நிற்கட்டும், மற்றது பிறகு.

கரண்ட் போனால் திடீரென்று அணையாமலிருக்க இவர் பேட்டரி வைத்துக் கொடுத்தார். எர்த் சரியில்லை என்று சுவரையும் உடைத்தார். கேட்காமலே உடைத்தார். ஹாலெல்லாம் சிமெண்ட்.

சுபாவின் கணக்கிலிருந்து எல்லாம் இறங்கி முடிந்தது. ஒன்று விடாமல் வந்துவிட்டதா என்று பார்க்கக் கல்யாண வீடியோவைத் திறந்தேன். இருக்கிறது. முழுசாக இருக்கிறது.

அக்டோபர் 6

இன்று டிவியில் சர்வர் படம் ஓடியது! பத்து நிமிஷம் ஓடி, நின்று, சக்கரம் சுற்றியது. டிவிக்குப் புரிகிற வடிவத்தில் அந்த வீடியோ இல்லையாம். நம் பழைய கம்ப்யூட்டர் நடுவில் உட்கார்ந்து வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றி வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு வாரம் ஓடும்.

டிவியில் சுபாவின் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுத்தான் உள்ளே போனேன். முதலில் உண்டாக்கிய பெயர் அவளுடையது. அதுதான் நியாயமும்கூட.

சோதனைக்குக் கல்யாண வீடியோவையே வைத்துக்கொண்டேன். நீளமானது, சோதிக்க வசதி. மத்தியானம் ஒருமுறை, இவர் தூங்கி எழுந்த பிறகு ஒருமுறை.

"டெஸ்ட் பண்ண வேற வீடியோவே கிடைக்கலயா?" என்றார் இவர்.

இதில் என் அக்கா கோகிலா வருகிறாள். பந்திக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கேமராக்காரரிடம், "கொஞ்சம் தள்ளி நின்னு எடுப்பா, குண்டாத் தெரியப்போறேன்" என்கிறாள். அதற்கடுத்த வருஷம் போய்விட்டாள். அவள் குரல் வேறெங்கும் இல்லை. இதையெல்லாம் இவரிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? ஓட்டம் சீராக இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 14

ஓசூரிலிருந்து சுபாவால் நம் சர்வருக்குள் வர முடியவில்லை. இணைப்புக் கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"மேடம், உங்க பிளான்ல அந்த வசதி இல்ல மேடம்."

"எந்த வசதி?"

"வெளியில இருந்து உங்க வீட்டுக்கு வர்ற வசதி மேடம்."

"என் வீட்டுக்கு என் மக வர்றதுக்குத் தனி வசதியாப்பா?"

"பிசினஸ் பிளான் எடுத்துக்கங்க மேடம்."

"நான் என்ன பிசினஸ் பண்றேன்?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"முதல் உதவியையே இன்னும் நீ பண்ணலயேப்பா!"

என்ன அநியாயம் என்றால், இவர்கள் ஊரில் பாதி வீடுகளுக்குச் சேர்த்து ஒரே கதவு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நாம் வெளியே போய்வரலாம். நம்மைத் தேடி வருகிறவர் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த வீட்டைத் தட்டுவார்? தனிக் கதவு எண் வேண்டுமென்றால் கூடுதல் காசாம்!

அக்டோபர் 16

வென்றேன். இரண்டு பக்கமும் ஒரு சிறிய செயலியைப் போட்டால், நடுவில் சுரங்கப்பாதை மாதிரி ஒன்று உண்டாகிறது. கதவு எண்ணே தேவையில்லை. சுபா உள்ளே வந்துவிட்டாள். மோகனுக்கும் நித்யாவுக்கும் சேர்த்து மோகன் பெயரையே கொடுத்தேன்.

"எதுக்கும்மா இந்த டப்பா? நான்தான் காசு கட்டுறேனே" என்றான் மோகன். ஆனால் ஆதவ் அவன் அப்பா லாரி டிரைவர் வேஷத்தில் மேடையில் நிற்பதை நாலு தடவை போடச் சொன்னானாம். அவர்களிடம் அது இல்லாமல் போனதே மோகனுக்கு இப்போதுதான் உறைத்திருக்கிறது.

பார்க்க மட்டுமா, மாற்றவும் அழிக்கவும் உரிமை வேண்டுமா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்டது மென்பொருள். எல்லோருக்கும் எல்லா உரிமையும் என்று கொடுத்துவிட்டேன். ஒரே வீட்டு ஆட்களுக்குள் பூட்டு என்ன, சாவி என்ன!

அக்டோபர் 31, தீபாவளி

சுபா வந்திருக்கிறாள். இளைத்திருக்கிறாள். ஞாயிறுவரை இருப்பேன் என்று சொல்லித்தான் வந்தாள்.

டிவியில் படங்கள் மாறிக்கொண்டிருந்தன, முன்பைவிட அழகாக. சம்பந்தி தொப்பியும் உண்டு, சுபாவும் உண்டு. மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கிருஷ்ணவேணி அதிரசம் கொண்டுவந்தாள். டிவியைப் பார்த்தவள், "அட, நம்ம சுபா கல்யாணமா! என்னா அழகா இருக்கீங்க. ஏங்க, மாப்ள வரலியா?" என்று கேட்டாளே பார்க்கலாம்.

"அவரு வரமாட்டாருக்கா" என்று சுபா எழுந்து, முறுக்கு எடுத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள். முறுக்கு டப்பா ஹாலில்தான் இருந்தது.

என்ன பெண் இவள்! ஒருவர் வீட்டுக்கு வந்தால் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்டுவிடுவதா? அவள் போகும்வரை என் முகத்தை நல்லபடியாக வைத்திருப்பதற்குள் கழுத்து வலித்துவிட்டது.

மோகன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டபோது இதைச் சொன்னேன். "அந்தக் கல்யாண வீடியோ, போட்டோவெல்லாம் எதுக்கும்மா இன்னும் வெச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்க" என்றான். தூக்கிப் போடுவதில் இவனுக்கு என்ன ஒரு ஆர்வம்!

நவம்பர் 1

சுபா காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். அவசர வேலையாம். தீபாவளிக்குக்கூட ஆளை விடாத கம்பெனி என்ன கம்பெனி.

நவம்பர் 9

கல்யாண வீடியோவைக் காணோம். படங்களும் இல்லை. கோப்புறையே இல்லை. இரண்டு டிஸ்க்கிலும் இல்லை. கார்பன் தாள்!

யார் வேலை என்று கண்டுபிடிக்க நான் துப்பறிய வேண்டியதில்லை. மோகனைக் கூப்பிட்டேன்.

"எதுடா உனக்குப் பொறுக்கல? அவளத்தான் எடுத்த, அவ கல்யாணத்தையும் எடுக்கணுமா?"

"அம்மா, நான் எதையும் தொடல."

"தூக்கிப் போடுன்னு சொன்னது நீதானே?"

"சொன்னேன். செய்யலம்மா."

"அதுல கோகிலா இருக்காடா! உன்னைத் தூக்கி வளத்தவ!"

"சத்தியமா நான் இல்லம்மா!"

நம்பவில்லை. போனை வைத்துவிட்டு, சர்வரைத் திறந்து மோகன் பெயரை எடுத்துவிட்டேன். அவன் சொன்னது உண்மைதான். ஒரு கிளிக்.

நவம்பர் 10

காலையில் சுபா கூப்பிட்டாள்.

"அண்ணன ஏம்மா அப்படித் திட்டுனீங்க?"

"அவன் பண்ண வேலைக்குக் கொஞ்சுவாங்களா?"

"அவன் இல்லம்மா. நான்தான் அழிச்சேன்."

பால் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன்.

"ஏண்டி? அதுல பெரியம்மா இருக்கா. உங்கப்பா ஆடுறாரு. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீங்க அதைத் தினமும் பாக்குறீங்கன்னும் தெரியும்."

"யாரு சொன்னா? உங்கப்பாவா?"

"யாரும் சொல்லலம்மா. டிவில என் பேரப் போட்டு வெச்சிருக்கீங்க. ரூமுக்கு வந்து நம்ம சர்வர்ல எதாச்சும் பாக்கலாம்னு தொறந்தா, 'விட்ட இடத்திலிருந்து தொடரவா'ன்னு என்கிட்டக் கேக்குது. என் மூஞ்சி, மாலை, பக்கத்துல அவன். ஒரு நாள் தாலி கட்டுற எடத்துல நிறுத்தியிருந்தீங்க. ஒவ்வொரு நாளும் தொடரவா, தொடரவான்னு..."

"சொல்லியிருக்கலாமேடி."

"நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு எனக்காகச் செஞ்சதும்மா. என்னன்னு சொல்றது?"

போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன். நல்ல பாலைத் திரிய விட்டுவிட்டேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை என்பதை எழுதி வைக்கிறேன். அது அவள் கல்யாணம் மட்டும்தானா? என் அக்கா அவள் சொத்தா?

மோகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. செப்டம்பருக்காகத் திட்டியதாக வைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 12

நான் அந்த மென்பொருளை எவ்வளவு திட்டியிருக்கிறேன். இன்று அதன் காலில் விழலாம் போலிருந்தது. அழித்தவை எல்லாம் உடனே போய்விடுவதில்லை. ஒரு குப்பைத்தொட்டியில் கொஞ்ச காலம் கிடக்கின்றன. வீடியோக்காரர் சொன்னபடி அந்தக் கட்டத்தில் எதற்கென்று தெரியாமலே டிக் அடித்திருக்கிறேன். திறந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தொட்டியைத் திறக்கும் உரிமை அட்மினுக்கு மட்டும்தான். அதாவது எனக்கு மட்டும்.

இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"திருப்பி எடுத்து, அவ கண்ணுல படாத எடமா வெச்சுடறேன். பூட்டும் போட்டுடறேன்."

இவர் பேப்பரை மடக்கினார். "அவகிட்டக் கேட்டியா?"

"இதுல கேக்குறதுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டேன்.

இவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். அதுதான் இன்னும் எரிச்சல். சொல்லித் தொலைத்தால் பதிலாவது சொல்லலாம்.

நவம்பர் 13

தோசை மட்டும். சட்னி இல்லை. இவர் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 14

சுபாவைக் கூப்பிட்டேன். ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னேன்.

"அது குப்பைத்தொட்டியில இருக்கு. நான் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். டிவில உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டுட்டேன். இனிமே உன்கிட்ட எதுவும் கேக்காது. நீ வா. வந்து பாத்து நீயே முடிவு பண்ணு. வேணாம்னா நீயே காலி பண்ணு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இருக்கியாடி?"

"இருக்கேம்மா. அடுத்த வாரம் வரேன்."

"பெரியம்மாவ மட்டும்..." என்றேன். பாதியில் குரல் கம்மிவிட்டது. சளி.

நவம்பர் 23

சுபா வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "போடுங்கம்மா. பாத்துருவோம்."

அவள் சொன்ன பிறகுதான் தொட்டியிலிருந்து வெளியே எடுத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஓட்டிவிடாமல், முதலிலிருந்து. நான் டிவியைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, படம் அங்க ஓடுது" என்றாள்.

அவன் முதல்முறை வந்தபோது இவர் ரிமோட்டைத் தேடினார். சுபா தடுத்துவிட்டாள். பந்தியில் அவன் இலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்கிற இடம் வந்தது. "பாருங்க. அன்னைக்கே ரசம் சரியில்லன்னுதான் சொல்றான். எனக்குத்தான் காது கேக்கல" என்று அவளே சிரித்தாள். நாங்கள் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தோம். பிறகு இவருக்கு அடக்க முடியவில்லை.

கோகிலா வந்து, தள்ளி நின்று எடுக்கச் சொன்னாள். சுபா அந்த இடத்தைத் திரும்பவும் போட்டாள். நான் கேட்காமலே போட்டாள்.

தாலி கட்டும் இடம் வந்தது. போயிற்று.

சாயங்காலம் அவள் லேப்டாப்பில் உட்கார்ந்து வெட்டினாள். கோகிலா ஒரு துண்டு. இவர் மேளத்துக்கு ஆடுவது ஒரு துண்டு. ("அப்பா பாவம், நல்லா ஆடுறாரு. அவரு மேல என்ன தப்பு?") மூன்றாவதாக ஒன்று வெட்டினாள். நான் எதிர்பார்க்கவில்லை. விடியற்காலையில், பாதி அலங்காரத்தோடு, நெற்றிச்சுட்டி கோணிக்கொண்டு, மணமகள் அறையில் நின்றபடியே சுபா இட்லியை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். வாய் நிறைய இட்லியோடு கேமராவைப் போ போ என்று விரட்டுகிறாள்.

"இதுல நான் நல்லா இருக்கேன்லம்மா?"

"ரொம்ப."

"இது என்னுது. இது இருக்கட்டும்."

மிச்சத்தை அவளே காலி செய்தாள். இனித் திரும்ப எடுக்க முடியாது, நிச்சயமா என்று மென்பொருள் கேட்டது. ஒருமுறை கேட்டால் போதாதா, இரண்டு முறை கேட்டது. அவள் இரண்டு முறையும் ஆமாம் என்றாள். அடுப்பில் சாம்பார் பொங்கிவிட்டது, எழுந்து போக வேண்டியிருந்தது.

ராத்திரி அட்மின் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்துவிட்டேன். யாரைச் சேர்ப்பது, யாருக்கு எந்த உரிமை என்பதையெல்லாம் இனி அவள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குக் கண் வலிக்கிறது.

நவம்பர் 24

காலையில் மோகன். குரலில் பழைய துள்ளல் இல்லை.

"அம்மா, ஆதவ் அந்த லாரி டிரைவர் வீடியோ கேட்டு அழுவுறான். எனக்கு உள்ள போக முடியல. என் பேரு இல்லன்னு சொல்லுது."

"ஆமா, எடுத்துட்டேன்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையேம்மா?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பொறுமைசாலி என்று பள்ளியில் எனக்குப் பெயர்.

"திருப்பிச் சேத்து விடுங்கம்மா."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லப்பா. இப்ப அட்மின் சுபாதான். அவகிட்டக் கேளு."

"சுபாகிட்டயா?"

"நம்பர் இருக்குல்ல?"

வைத்துவிட்டேன். அடுப்படியில் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு காதை மட்டும் தீட்டி வைத்திருந்தேன். நேரம் போயிற்று. கொத்தமல்லி முழுவதும் ஆய்ந்து முடித்து, இவருடைய பங்குக்கு வெங்காயமும் உரித்துவிட்டேன். கேட்க மாட்டான், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் சுபாவின் போன் அடித்தது.

அவள் பேசுவது மட்டும்தான் கேட்டது.

"சொல்லுண்ணே... ம்... ம்... இல்ல, எனக்குத் தெரியும், அம்மா சொன்னாங்க... அழுவாத, நீ எதுக்கு இப்ப அழுவுற... சரி. சரிண்ணே. போட்டுட்டேன், இப்பப் பாரு. வந்துச்சா?... நித்யா அண்ணி அப்பா அம்மாவயும் சேக்கணுமா? சேத்துட்டாப் போச்சு. இங்க எடமா இல்ல? பேரச் சொல்லு, அடிக்கிறேன்."

இத்தனை நாளாக அவளுக்காகக் கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்கு ரத்த அழுத்த மாத்திரை கூடியிருக்கிறது. அவளுக்கு அது இரண்டு நிமிஷப் பேச்சில் தீர்ந்துவிட்டது. இதைவிட அநியாயம் உண்டா?

அவளுக்குப் பிடிக்குமென்று பருப்புப் பாயசம் வைத்தேன். அந்தக் கோபத்திலேயே வைத்தேன்.